வெறுமையான தளங்கள்: சுல்தானா என்னும் மரக்கப்பலின் மாதிரி சொல்வதும் சொல்லாததும்



மரத்தில் இழைத்துச் செய்யப்பட்ட கப்பல் மாதிரி ஒன்றைக் காணும்போது நம் கண் முதலில் செல்வது வேலைப்பாட்டின் மீதுதான். நூலிழை போன்ற கைப்பிடிக் கம்பிகள், தீக்குச்சியினும் மெல்லிய தூண்கள், நகத்தின் அளவேயான சாளரங்கள் ஆகியவற்றைச் செய்த கையின் பொறுமையை நாம் வியக்கிறோம். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் ஓடிய துடுப்புச் சக்கரக் கப்பல்கள் இத்தகைய கைவினைக்கு மிகவும் ஏற்றவை. இரு பக்கமும் பெரிய சக்கரங்கள், முன்புறம் இரட்டைப் புகைபோக்கிகள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வெண்ணிறத் தளங்கள் என்று, மிதக்கும் மாளிகையின் தோற்றம் அவற்றுக்கு உண்டு. அந்நாட்டில் ஓய்வு நேரத்தில் மரவேலை செய்வோர் பலர் இக்கப்பல்களை ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்கிறார்கள்.

இம்மாதிரிகள் ஏறத்தாழ அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவற்றின் தளங்களில் மனிதர்கள் இருப்பதில்லை. கப்பல் மட்டுமே இருக்கும். மற்றக் கப்பல்களின் மாதிரிக்கு இது குறையாகாது. ஆனால் ‘சுல்தானா’ என்ற பெயருடைய கப்பலின் மாதிரியில் தளங்கள் வெறுமையாக இருந்தால், அக்கப்பலின் வரலாற்றில் பெரும்பகுதி விடுபட்டுப் போகிறது என்பது நம் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். ‘சுல்தான்’ என்ற அரபுச் சொல்லை நாம் அரசர் என்ற பொருளிலேயே வழங்குகிறோம். அச்சொல்லின் மூலப்பொருள் அதிகாரம் என்பது. சான்று, ஆதாரம் என்ற பொருளும் அதற்கு உண்டு என்பதை அரபு இலக்கணம் பயின்றோர் அறிவர். அமெரிக்க ஆற்றுக் கப்பல்காரர்கள் இந்நுட்பம் எதையும் எண்ணிப் பெயரிட்டிருக்கமாட்டார்கள். கீழை நாடுகளின் செல்வச் செழிப்பை நினைவூட்டும் பெயர் என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். அந்த ஆற்றங்கரையில் கெய்ரோ என்றும் மெம்ஃபிஸ் என்றும் ஊர்கள் இருக்கின்றன; இரண்டும் எகிப்தின் நைல் நதிக்கரை நகரங்களின் பெயர்கள். இக்கட்டுரையில் அவ்வூர்ப் பெயர்கள் வரும்போது வாசகர் எகிப்தை எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதனை இங்குக் குறிப்பிடுகிறோம்.

சுல்தானா 1863-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் நீரில் இறக்கப்பட்டது. நீளம் 260 அடி, அகலம் 42 அடி. பருத்தி மூட்டைகளையும் பயணிகளையும் ஏற்றிச் செல்வதற்கென்றே கட்டப்பட்டது. அதன் இரு பக்கங்களிலும் இருந்த துடுப்புச் சக்கரங்கள் ஒவ்வொன்றும் 34 அடி விட்டம் கொண்டவை. அதாவது மூன்று மாடி வீட்டின் உயரம். சட்டப்படி அது ஏற்றிச் செல்லத்தக்க மனிதர்களின் எண்ணிக்கை 376.

இவ்வகைக் கப்பலின் அமைப்பை மாதிரி நன்றாகவே விளக்குகிறது. கடற்கப்பலின் வயிறு ஆழமானது. அலையை எதிர்த்து நிற்க அந்த ஆழம் வேண்டும். ஆற்றுக் கப்பலோ மணல்திட்டுகளின் மேல் உரசாமல் செல்ல வேண்டியது. எனவே அதன் அடிப்பகுதி தட்டையாகவும் ஆழமற்றும் இருக்கும். சுல்தானாவின் அடிப்பகுதி ஆழம் 7 அடி மட்டுமே. கடற்கப்பலில் பொறிகளும் சரக்கும் வயிற்றுக்குள் கீழே இருந்து கப்பலை நிலைநிறுத்தும். ஆற்றுக் கப்பலில் அடுப்பு, கொதிகலன், பொறி யாவும் நீர்மட்டத்துக்கு மேலே முதல் தளத்தில் இருக்கும். அதற்கு மேல் பயணிகளின் அறைகள் கொண்ட தளம், அதற்கும் மேல் திறந்த கூரைத்தளம், அதன்மேல் மாலுமிகளின் சிற்றறைகள், உச்சியில் சுக்கான் பிடிப்போரின் கண்ணாடிக் கூண்டு. மேற்பகுதி முழுவதும் எடை குறைய வேண்டுமென்று மெல்லிய பலகைகளால் கட்டப்பட்டது. வண்ணப்பூச்சு ஏறிய உலர்ந்த மரம், அதன் நடுவே எரியும் அடுப்பு. நீண்ட தட்டையான உடல் இரு முனைகளிலும் தொய்ந்துவிடாதிருக்க, தளங்களின் ஊடே இரும்புக் கம்பிகளை இழுத்துக் கட்டுவார்கள். இந்தக் கம்பிகளை உரிய இடத்தில் காட்டியிருக்கிறாரா என்று பார்த்தால் போதும், மாதிரி செய்தவர் கப்பலைப் புரிந்து செய்தாரா, அழகுக்காகச் செய்தாரா என்பது தெரிந்துவிடும்.

அக்காலத்து ஆற்றுக் கப்பல் தச்சர்கள் பெரும்பாலும் கண்ணளவையும் அனுபவத்தையும் கொண்டே கட்டினார்கள். ஆகவே ஒரு குறிப்பிட்ட கப்பலைச் சிறு உருவில் செய்ய முனைவோர், பதிவேட்டில் உள்ள நீள அகலங்களையும், கிடைக்கும் புகைப்படங்களையும், அதே காலத்து மற்றக் கப்பல்களின் அமைப்பையும் வைத்தே உருவத்தை மீட்க வேண்டியுள்ளது. சுல்தானாவைப் பொறுத்தவரை இவர்களுக்குத் துணையாக நிற்கும் ஒரு புகைப்படம் உலகறிந்தது. ஆர்கன்சா மாநிலத்தின் ஹெலினா என்ற ஊரில் 1865 ஏப்ரல் 26 அன்று தாமஸ் பேங்க்ஸ் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்தது அது. அடுத்த நாள் அக்கப்பல் இல்லாமல் போயிற்று.

அந்தப் புகைப்படத்தில் கப்பலின் வேலைப்பாட்டைக் காண்பது கடினம். எல்லாத் தளங்களிலும் மனிதர்கள். கூரையின் மேலும் மனிதர்கள். சக்கரப்பெட்டியின் அருகிலும் மனிதர்கள். தூண்களையும் கைப்பிடிகளையும் அளந்து எடுக்க விரும்பும் தச்சருக்கு அந்த மனிதத்திரளே இடையூறாக நிற்கிறது.

அவர்கள் யாவர்? அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துசென்ற தென் மாநிலங்களுக்கும் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. தென்னகப் படையிடம் சிறைப்பட்ட வடபடை வீரர்கள் ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில், அலபாமாவின் கஹாபா போன்ற சிறை முகாம்களில் அடைக்கப்பட்டனர். ஆண்டர்சன்வில் முகாமில் அடைக்கப்பட்டோர் ஏறத்தாழ 45,000 பேர். அவர்களில் கிட்டத்தட்ட 13,000 பேர் பசியாலும் நோயாலும் அங்கேயே மாண்டனர். எஞ்சியோர் எலும்பும் தோலுமாக வெளிவந்தனர். போர் முடியும் தறுவாயில் இவர்களில் பல்லாயிரவர் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள விக்ஸ்பர்க் நகருக்கு அருகே ஒரு முகாமில் சேர்க்கப்பட்டு, வடக்கே வீடு திரும்பக் கப்பலுக்காகக் காத்திருந்தனர். ஒஹாயோ, மிச்சிகன், இண்டியானா, கென்டக்கி, டென்னசி மாநிலங்களைச் சேர்ந்த உழவர் வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலோர். வீடு திரும்பப் போகிறோம் என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் அவர்களுக்கு அப்போது பொருட்டாக இருந்திருக்காது.

இவர்களை ஏற்றிச்செல்லும் கப்பல்களுக்கு அரசு தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் தந்தது. துயரத்தின் தொடக்கம் இங்கே இருக்கிறது. பணநெருக்கடியில் இருந்த சுல்தானாவின் தலைவர் காஸ் மேசன் ஏப்ரல் நடுவில் விக்ஸ்பர்க் வந்தபோது, அந்நகரின் படைத்தளவாட அதிகாரி ரூபென் ஹாட்ச் அவரிடம் ஓர் ஏற்பாட்டைப் பேசினார். சுமார் 1,400 வீரர்களை உமது கப்பலுக்கே தருகிறேன்; கட்டணத்தில் ஒரு பங்கை எனக்குத் தரவேண்டும் என்பது அதன் சாரம். மேசன் இசைந்தார். 376 பேருக்கு உரிய கப்பல் என்பது இருவருக்கும் தெரியும்.

ஹாட்ச் இதற்கு முன்பே ஊழல் குற்றச்சாட்டுக்கு ஆளானவர். இலினாய் மாநிலத்துக் கெய்ரோவில் தளவாட அதிகாரியாக இருந்தபோது கணக்கு முறைகேட்டுக்காகத் தளபதி கிராண்ட் அவரைக் கைதுசெய்ய ஆணையிட்டார். ஆனால் அவருடைய அண்ணன் இலினாய் மாநில அரசின் செயலாளர். குடியரசுத் தலைவர் லிங்கனின் நண்பர். லிங்கனின் பரிந்துரையும் ஹாட்சுக்குத் துணையாக நின்றது. அவர் பதவியில் நீடித்தார். லிங்கனைப் போன்ற ஒருவர்கூட நட்பின் பொருட்டுத் தகுதியற்ற ஒருவரிடம் பொறுப்பு நீடிக்க இடமளித்தார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நம் வழக்கில் ‘அமானிதம்’ என்று சொல்வது இத்தகைய பொறுப்பைத்தான். தங்கத்தையும் பணத்தையும் ஒப்படைப்பது மட்டும் அமானிதம் என்று எண்ணுவோர் உண்டு. மனித உயிர்களை ஏற்றி அனுப்பும் கையெழுத்தும் அதில் அடங்கும்.

ஏப்ரல் 14 இரவு லிங்கன் சுடப்பட்டு, மறுநாள் காலை இறந்தார். போரினால் தெற்கே தந்திக் கம்பிகள் அறுபட்டிருந்தமையால் அச்செய்தியை ஆற்றின் கீழ்த்திசை ஊர்களுக்குக் கொண்டுசென்ற கப்பல்களுள் சுல்தானாவும் ஒன்று. துக்கத்தின் அடையாளமாகக் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு அது நியூ ஆர்லியன்ஸ் வரை சென்றது. ஏப்ரல் 21 அன்று அங்கிருந்து திரும்பி வடக்கு நோக்கிப் புறப்பட்டது. விக்ஸ்பர்க்கை அடையச் சில மணி நேரப் பயணம் எஞ்சியிருந்தபோது, நான்கு கொதிகலன்களுள் ஒன்று கசியத் தொடங்கியது.

இந்தக் கொதிகலன்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொன்றும் 18 அடி நீளமும் 46 அங்குல விட்டமும் உடைய இரும்பு உருளை. அதனுள் 24 குழாய்கள் ஓடின. அடுப்பின் அனல் அக்குழாய்களின் வழியாகச் சென்று, சுற்றியுள்ள நீரைக் கொதிக்கச் செய்யும். பழைய கொதிகலன்களில் இரண்டு பெரிய குழாய்களே இருக்கும். குழாய்கள் மிகுந்தால் நீராவி விரைவாகக் கிடைக்கும் என்பது புதிய முறையின் ஆதாயம். ஆனால் மிசிசிப்பியின் நீர் சேற்று நீர். ஆற்றிலிருந்து இறைத்து நேரே கொதிகலனில் விடுவார்கள். நெருக்கமான குழாய்களின் இடுக்கில் சேறு படிந்து இறுகும். படிந்த இடத்தில் நீர் இரும்பைத் தொடாது. அங்கே இரும்பு சிவக்கக் காய்ந்து வலுவிழக்கும். சோற்றுப் பானையில் அடிப்பிடித்த இடம் தீய்ந்துபோவதைக் கண்டோருக்கு இது எளிதில் விளங்கும். நான்கு கொதிகலன்களும் பக்கம் பக்கமாக வைக்கப்பட்டு ஒன்றோடொன்று குழாயால் இணைக்கப்பட்டிருந்தன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

விக்ஸ்பர்க்கில் டெய்லர் என்ற கொதிகலன் தொழிலாளி வந்து பார்த்தார். ஒரு தகட்டின் பொருத்துவாய் புடைத்திருந்தது. அப்பகுதியை வெட்டி எடுத்து முறையாக மாற்ற வேண்டும், பல நாள் ஆகும் என்றார். பல நாள் தங்கினால் வீரர்கள் வேறு கப்பலில் போய்விடுவார்கள், கட்டணமும் போய்விடும். ஆகவே புடைப்பை அடித்து உள்ளே தள்ளி, அதன்மேல் கால் அங்குலத் தகடு ஒன்றை வைத்துத் தைக்குமாறு மேசன் அவரை வற்புறுத்தினார். மூலத் தகட்டின் கனம் அதனினும் மிகுதி. வேலை ஒரு நாளில் முடிந்தது. நிலையான பழுதுபார்ப்பைச் செயின்ட் லூயிஸ் சென்றபின் செய்துகொள்ளலாம் என்று வாக்களிக்கப்பட்டது. தன் தொழில் அறிவுக்கு மாறான வேலை இது என்று தெரிந்தும் கூலித் தொழிலாளி ஒருவர் முதலாளியின் அவசரத்துக்கு இணங்கியதை நாம் கடுமையாகப் பழிக்க மனம் வரவில்லை. முடிவு எடுத்தவர் அவர் இல்லை.

அடுத்து ஏப்ரல் 24 அன்று நடந்த ஏற்றம். முகாமிலிருந்து தொடர்வண்டியில் வீரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினர். முதலில் பெயர்ப்பட்டியல் எழுதிய பின்பே ஏற்றுவது என்றிருந்தது. நேரம் ஆகும் என்பதால் ஏற்றும்போதே எண்ணிக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். அதனால் எத்தனை பேர் ஏறினர் என்பது பொறுப்பாளர்களுக்கே தெளிவாக இல்லை. அதே துறையில் ‘பாலின் கேரல்’ என்ற மற்றொரு கப்பல் ஏறத்தாழ வெறுமையாக நின்றுகொண்டிருந்தது. வீரர்களில் ஒரு பகுதியை அதில் அனுப்பலாம் என்று ஓர் அதிகாரி சொன்னபோது, அப்படிச் சொல்வோர் அந்தக் கப்பல்காரரிடம் கையூட்டுப் பெற்றிருக்கலாம் என்ற ஐயத்தினாலேயே ஏற்றத்துக்குப் பொறுப்பாக இருந்தவர்கள் மறுத்துவிட்டார்கள். கையூட்டு ஊறிப்போன இடத்தில் நல்ல ஆலோசனையும் கையூட்டின் குரலாகவே கேட்கிறது. இந்த வரலாற்றில் நம்மை மிகவும் வருத்துவது இந்த ஓர் இடமே. பாலின் கேரல் ஒருசில பயணிகளுடன் புறப்பட்டுச் சென்றது.

சுல்தானாவில் ஏறியோர்: விடுதலை பெற்ற வீரர்கள் சுமார் 1,960 பேர், காவலர், கட்டணப் பயணிகள், கப்பல் பணியாளர் ஆகியோரையும் சேர்த்து மொத்தம் ஏறத்தாழ 2,130 பேர். பயணிகளில் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். உயிர்காப்புக் கச்சைகள் 76. மேல்தளங்கள் பாரம் தாங்காமல் நடுவில் தொய்யத் தொடங்கவே, பணியாளர்கள் அடியில் கூடுதல் மரக்கால்களை முட்டுக்கொடுத்து நிறுத்தினர். மாதிரிகள் செய்வோர் கவனிக்கத்தக்க செய்தி இது. அழகிய தூண்களுக்கு நடுவே அவசரத்தில் வெட்டி நிறுத்திய அம்முட்டுக்கால்கள் கப்பலின் உடலிலேயே எழுதப்பட்ட எச்சரிக்கை. தளம் வளைவதைக் கண்டவர்கள் அதற்கு முட்டுக்கொடுத்தார்களே தவிர, ஒருவரையும் இறக்கவில்லை.

இந்தக் கூட்டத்தின் அளவை மனத்தில் கொள்ள மாதிரி நமக்கு உதவும். கப்பல் மாதிரிக் கலைஞர்கள் வழக்கமாகக் கையாளும் அளவுகளுள் ஒன்று, ஓர் அடியைக் கால் அங்குலத்தின் பாதியாக, அதாவது எட்டில் ஓர் அங்குலமாகக் குறைப்பது. அந்த அளவில் சுல்தானாவின் நீளம் 32 அரை அங்குலம். ஒரு மேசையில் அடங்கும். துடுப்புச் சக்கரம் உள்ளங்கை அகலம். நடுத்தர உயரமுள்ள ஒரு மனிதரின் உருவம் முக்கால் அங்குலத்தைவிடச் சற்றுக் குறைவு. ஒரு மனிதரின் தோள் அகலத்தை ஒன்றரை அடி என்று கொண்டால், சட்டம் அனுமதித்த 376 உருவங்களைத் தோளோடு தோள் சேர்த்து நிறுத்தும்போது அவை கப்பலின் நீளத்துக்கு இரண்டு வரிசையும் சற்றுக் கூடுதலும் ஆகும். 2,130 உருவங்களோ முனையிலிருந்து முனை வரை 12 வரிசை. கப்பலின் நீளம் முழுவதும் நடமாடும் தளமாகாது. கொதிகலன்களும் பொறிகளும் அறைகளும் சரக்கும் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் எடுத்துக்கொண்ட இடம் போக எஞ்சியதில்தான் அந்த 12 வரிசையும் நிற்க வேண்டும், உட்கார வேண்டும், இரண்டு நாள் உறங்க வேண்டும்.

எண்ணைக் காகிதத்தில் எழுதினால் அது கட்டணத் தொகையாகத் தெரிகிறது. ஹாட்சுக்கு அப்படித்தான் தெரிந்தது. அதே எண்ணிக்கையை மரத்துண்டுகளாக இழைத்து ஒவ்வொன்றாகத் தளத்தில் வைக்க வேண்டும் என்ற நிலை வந்தால், நூறாவது உருவத்தை வைக்கும்போதே கை தயங்கத் தொடங்கும்.

அந்த ஆண்டு வசந்தகாலத்தில் மிசிசிப்பி கரைபுரண்டு ஓடியது. மலைகளில் உருகிய பனியின் குளிர்ந்த நீர் பல கல் அகலத்துக்கு வயல்களிலும் காடுகளிலும் பரவியிருந்தது. அந்த வெள்ளத்தை எதிர்த்து இரண்டு நாள் ஏறிச்சென்ற சுல்தானா 26-ஆம் நாள் ஹெலினாவில் நின்றது. கரையில் புகைப்படக் கருவியைக் கண்ட வீரர்கள் அதில் தாமும் பதிய வேண்டுமென்று ஒரு பக்கமாக நெருக்கியடிக்க, கப்பல் சாய்ந்து கவிழும் நிலைக்கு வந்ததாகச் சொல்வார்கள். வீட்டாருக்குத் தம் முகம் போய்ச்சேரும் என்று எண்ணியிருப்பார்கள் போலும்.

அன்று மாலை டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரை அடைந்து, அடித்தளத்தில் இருந்த சர்க்கரைப் பீப்பாய்களை இறக்கினர். கீழே இருந்த பாரம் இறங்கியதும் மேற்பாரம் மிகுந்த கப்பல் இன்னும் நிலையற்றதாயிற்று. நள்ளிரவுக்குப் பின் நிலக்கரி ஏற்றிக்கொண்டு மீண்டும் ஆற்றில் ஏறியது. ஏப்ரல் 27 அதிகாலை 2 மணியளவில், மெம்ஃபிசுக்கு வடக்கே சுமார் 7 மைல் தொலைவில், கொதிகலன்கள் வெடித்தன. நான்கில் மூன்று சிதறின.

வெடித்ததற்குக் காரணம் ஒன்றா பலவா என்று பொறியாளர்கள் இன்றும் ஆராய்கிறார்கள். ஒட்டுப்போட்ட தகடு, சேறு படிந்த குழாய்கள், தரம் குறைந்த இரும்பு ஆகியவை சொல்லப்படுகின்றன. இவற்றோடு கப்பலின் சாய்வும் சேர்கிறது. ஆற்றின் வளைவுகளில் மேற்பாரம் மிகுந்த கப்பல் ஒரு பக்கம் சாயும்போது, இணைந்திருந்த கொதிகலன்களில் உயரே எழுந்ததிலிருந்து நீர் தாழ்ந்ததற்கு ஓடிவிடும். நீர் வற்றிய இரும்பு சிவக்கக் காயும். கப்பல் நிமிர்ந்ததும் நீர் திரும்பி வந்து அந்தச் சிவந்த இரும்பின் மேல் பாய்ந்து, நொடியில் அளவிறந்த நீராவியாகும். இதற்கும் மூலம் மேல்தளங்களில் ஏற்றிய கூட்டமே. அதே வகைக் கொதிகலன் கொண்ட இன்னும் இரண்டு கப்பல்கள் அடுத்த ஓராண்டுக்குள் வெடித்தன. அதன்பின் அவ்வகை மிசிசிப்பியின் கீழ்ப்பகுதியில் கைவிடப்பட்டது.

வெடிப்பு மேல்நோக்கிக் கிழித்துச் சென்றது. சுக்கான் கூண்டு சிதறியது. புகைபோக்கிகள் சரிந்தன. மேல்தளம் உடைந்து, அதில் படுத்திருந்தோருடன் அடுப்புகளின் மேல் இறங்கியது. பிறகு தீ. உலர்ந்த மெல்லிய பலகைகள் எரிய நேரமாகவில்லை. நீரில் குதித்தோரில் நீந்தத் தெரிந்தவர் சிலர். நீந்தத் தெரிந்தும் சிறைவாசத்தால் வலுவிழந்தோர் பலர். குளிர்நீர் மற்றவர்களைக் கொன்றது. கிடைத்த மரத்தைப் பற்றிக்கொண்டவர்கள் பிழைத்தார்கள்: கதவு, பலகை, வைக்கோல் கட்டு, இறந்த குதிரையின் உடல். கப்பலில் ஒரு முதலை பெட்டிக்குள் அடைத்து வளர்க்கப்பட்டுவந்தது. வீரர் ஒருவர் அதனைக் கொன்றுவிட்டு அந்தப் பெட்டியைப் பற்றிக்கொண்டு மிதந்து உயிர்தப்பினார்.

முதல் முறையாக அந்த ஆற்றில் இறங்கிவந்துகொண்டிருந்த ‘பொஸ்டோனா’ என்ற கப்பல் தீயைக் கண்டு விரைந்து வந்து பலரை ஏற்றிக்கொண்டது. மெம்ஃபிஸ் துறையில் இருந்தோருக்கோ, வெள்ளத்தில் மிதந்துவந்த ஒரு வீரரின் கூக்குரல் கேட்டபின்பே செய்தி தெரிந்தது. எதிர்க்கரையான ஆர்கன்சாவில் ஜான் ஃபோகிள்மன் என்பவரும் அவர் வீட்டாரும் மரங்களைக் கட்டித் தெப்பமாக்கி, எரிந்துகொண்டே கரையை நோக்கி ஒதுங்கிய கப்பலில் எஞ்சியிருந்தோரை ஒவ்வொரு தடவையும் சிலராக இறக்கினார்கள். தென்படையில் போரிட்ட வேறு சிலரும் ஓடங்களில் வந்து உதவினர். சில நாள்களுக்கு முன்பு வரை துப்பாக்கி முனையில் எதிர்த்தவர்களை அவர்கள் நீரிலிருந்து இழுத்தெடுத்தார்கள்.

இறந்தோர் தொகை 1,547 என்று அப்போதைய அரசுக் கணக்கு ஒன்று சொல்லியது. 1,800 என்று எழுதியோர் பலர். பெயர்ப்பட்டியல்களை ஒப்பிட்டு அண்மைக்காலத்தில் எடுத்த கணக்கு அதனை 1,200-ஐ ஒட்டிய எண்ணாகக் குறைத்துள்ளது. எந்தக் கணக்கைக் கொண்டாலும் அமெரிக்க வரலாற்றில் இதனினும் கொடிய கப்பல் விபத்து இல்லை. ஏறும்போது பெயர் எழுதாததால் இறந்தபின்னும் எண்ண முடியாமல் போயிற்று. ஆற்றின் கீழ்த்திசையில் மாதக்கணக்கில் உடல்கள் கரையொதுங்கிக்கொண்டிருந்தன.

லிங்கனைச் சுட்டவனைச் சுற்றிவளைத்துக் கொன்றது ஏப்ரல் 26. நாடு முழுவதும் அச்செய்தியையே படித்துக்கொண்டிருந்தது. நான்காண்டுப் போரில் இலட்சக்கணக்கில் மாண்டோரின் கணக்கில் ஆயிரம் இரண்டாயிரம் என்பது பெரிய எண்ணாகத் தோன்றாத காலம். விசாரணைகள் நடந்தன. மேசன் கப்பலோடு மாண்டுவிட்டார். ஹாட்ச் படையிலிருந்து விலகி, சாட்சி சொல்ல அழைத்தபோதெல்லாம் வர மறுத்து, தண்டனை எதுவுமின்றி 1871-இல் இறந்தார். ஃபிரெடரிக் ஸ்பீட் என்ற அதிகாரி மட்டும் படைநீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அத்தீர்ப்பும் மேல்மட்டத்தில் நீக்கப்பட்டது. முடிவில் ஒருவரும் பொறுப்பேற்கவில்லை.

உயிர்பிழைத்தோர் தமக்குள் ஒரு சங்கம் அமைத்து ஆண்டுதோறும் ஏப்ரல் 27 அன்று கூடினர். டென்னசியின் நாக்ஸ்வில் அருகே ஒரு கல்லறைத் தோட்டத்தில் 1916-இல் அவர்கள் எழுப்பிய நினைவுக்கல் இருக்கிறது. அதில் கப்பலின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது.

கப்பல் மூழ்கிய இடத்துக்கு அருகே உள்ள மேரியன் என்ற சிற்றூரில் சுல்தானாவுக்கென ஓர் அருங்காட்சியகம் உண்டு. 14 அடி நீளமுள்ள பெரிய மாதிரி ஒன்று அங்கு வைக்கப்பட்டுள்ளது. இவ்வாறான மாதிரிகளைச் செய்வோரிடம் நாம் ஒரு வேண்டுகோளையே வைக்க விரும்புகிறோம். கப்பலைப் புதிதாக நீரில் இறக்கிய நாளின் தோற்றத்தில் செய்வது ஒரு முறை. பெரும்பாலோர் அதனையே விரும்புகின்றனர். ஏப்ரல் 24 இரவின் தோற்றத்திலும் யாரேனும் செய்யலாம். முட்டுக்கால்கள் நிற்கட்டும். நடுத்தளம் ஒரு நூலளவு தொய்ந்திருக்கட்டும். மனித உருவங்களைச் செதுக்க மனம் ஒப்பாதவர்கள் வெறும் மரக்குச்சிகளை நறுக்கி நிறுத்தினாலும் போதும். கண்டோர் எண்ணிக்கொள்வார்கள்.

உண்மையான கப்பலை அளந்து மாதிரியைச் சரிபார்க்க வழியில்லை. மிசிசிப்பி அதன்பின் பலமுறை திசைமாறி, 1865-இல் ஓடிய இடத்திலிருந்து ஏறத்தாழ 2 மைல் கிழக்கே விலகிவிட்டது. 1982-இல் ஜெர்ரி பாட்டர் என்ற மெம்ஃபிஸ் வழக்கறிஞர் தலைமையில் ஒரு குழுவினர் ஆர்கன்சா பக்கத்தில் ஒரு வயலைத் துளையிட்டு ஆராய்ந்தபோது, 32 அடி ஆழத்தில் கருகிய தளப்பலகைகளும் மரங்களும் தட்டுப்பட்டன. சுல்தானாவின் எஞ்சிய உடல் அதுவே என்று கருதப்படுகிறது. மேலே சோயா பயிரிட்டிருந்தார்கள்.